பட்ஜெட்டில் படித்தது ஒன்று, அலுவலகத்தில் சொன்னது வேறு: எது செல்லும்?

கேள்வி: மன்னார்குடி அருகே ஒரு கிராமத்தில் தையல் வேலை செய்கிறேன். கணவர் இருசக்கர வாகன மெக்கானிக். மூத்த மகளுக்கு 2013ஆம் ஆண்டு, கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு கிடைத்தது. எட்டு வரை அங்கே கட்டணமில்லாமல் படித்தாள். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. 2025இல் தேர்ச்சி பெற்று பி.எஸ்சி. சேர்ந்தாள். கல்லூரியில் படிக்கும் பெண்களுக்கு அரசு உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போனபோது, "ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால்தான் உண்டு" என்று கல்லூரி அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் தங்கை மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆங்கில வழியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். உதவி பெறும் பள்ளி மாணவிகளுக்கும் பணம் உண்டு என்று பட்ஜெட் செய்தியில் படித்தோம். பள்ளியிலோ இல்லை என்கிறார்கள். இதற்கு நடுவில் மாமனாருக்கு இதயத்தில் அடைப்பு. ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். கிராம நிர்வாக அலுவலர் எங்கள் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 96,000 ரூபாய் என்கிறார். 72,000க்கு மேல் போனால் காப்பீட்டு அட்டை கிடைக்காது என்று ஊரில் சொல்கிறார்கள். குறைத்து எழுதித் தரும்படி அவரிடம் கேட்கலாமா? பட்ஜெட்டில் அறிவித்தால் அது சட்டம் ஆகாதா?

பதில்: அன்புள்ள சகோதரி, மாமனாரின் சிகிச்சையை முதலில் பார்ப்போம். மற்ற இரண்டும் சில வாரங்கள் காத்திருக்கலாம். இது காத்திருக்கக் கூடாது.

வருமானத்தைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். தேவையே இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்தது உண்மைதான். 2012 ஜனவரியில் திட்டம் இந்தப் பெயரில் தொடங்கியதிலிருந்து பத்தாண்டு அந்த வரம்பு அசையவில்லை. அதனால்தான் ஊர் வாயில் அந்த எண் இன்னும் நிற்கிறது. 11.1.2022 முதல் திட்டம் ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டபோது வரம்பு 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உங்கள் 96,000 அதற்குள்ளேயே வருகிறது. உள்ளதை உள்ளபடி எழுதி வாங்குங்கள். பொய்யாகக் குறைத்த சான்று நாளைக்கு உங்கள் மகளின் வேறொரு உதவித்தொகை விண்ணப்பத்தோடு முரண்பட்டு நிற்கும். அப்போது இரண்டுமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

குடும்ப அட்டையில் மாமனார் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள். ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சைக்கு இதில் இடம் உண்டு. ஸ்டென்ட் வைப்பதும் இதில் அடங்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் இத்திட்டத்தில் இருக்கின்றன. தனியார் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்த மருத்துவமனையானாலும், அது திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா, இதயச் சிகிச்சைக்கு அனுமதி பெற்றிருக்கிறதா என்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுவிட்டுச் சேருங்கள். முன் அனுமதி வந்த பிறகே சிகிச்சை என்பது வழக்கமான நடைமுறை. பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று எண்ணிக் கடன் வாங்கிவிடாதீர்கள். நீட்டிப்பின் ஐந்தாண்டுக் காலம் 2027 ஜனவரியில் முடிகிறது. அப்போது விதிகள் மறுபடியும் மாற வாய்ப்பு உண்டு என்பதால், எப்போது போனாலும் அன்றைய வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன், மற்ற இரண்டுக்கும் விடை அதில்தான் இருக்கிறது. பட்ஜெட்டில் அறிவித்தால் அது சட்டம் ஆகாதா?

ஆகாது. தலைமைச் செயலகத்தில் நிதி சார்ந்த பிரிவுகளில் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிதியமைச்சர் சட்டப்பேரவையில் படிப்பதற்கும் உங்கள் மகளின் வங்கிக் கணக்கில் பணம் வந்து சேர்வதற்கும் இடையில் வேறு வேறு தாள்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உள்ள வலு வேறு. பட்ஜெட் உரை அரசின் நோக்கத்தைச் சொல்கிறது. அதன் பிறகு, ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைகள் மீது விவாதம் நடக்கும், வாக்கெடுப்பு நடக்கும். பிறகு நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு நிறைவேறும். அரசமைப்புச் சட்டத்தின் 202 முதல் 206 வரையிலான பிரிவுகள் இதைத்தான் வகுத்திருக்கின்றன. சட்டமாவது இந்த ஒதுக்கீடு மட்டும்தான். அந்தச் சட்டத்தை எடுத்து வரிவரியாகப் படித்தாலும் உங்கள் மகளுக்குத் தகுதி உண்டா என்பது அதில் இருக்காது. சமூக நலத்துக்கு இத்தனை கோடி, பள்ளிக் கல்விக்கு இத்தனை கோடி, அரசின் பொதுக் கருவூலமான தொகுப்பு நிதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதி மட்டுமே இருக்கும்.

யாருக்கு, எப்போதிருந்து, எந்த நிபந்தனையில் என்பது அரசாணையில் இருக்கிறது. துறை எழுதி, நிதித் துறை இசைவு தந்து வெளியிடும் அந்தத் தாளைத்தான் கல்லூரி அலுவலகமும் பின்பற்ற வேண்டும், நீங்களும் கையில் வைத்திருக்க வேண்டும்.

இடைவெளி எவ்வளவு நீளும் என்பதற்கு உங்கள் மகள் கேட்கும் திட்டமே சான்று. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989 முதல் இருந்தது திருமண நிதியுதவித் திட்டம். பட்டமோ பட்டயமோ பெற்ற பெண்ணுக்கு 50,000 ரூபாயும், பத்தாம் வகுப்பு படித்தவருக்கு 25,000 ரூபாயும், இருவருக்கும் தாலிக்கு எட்டு கிராம் தங்கமும் என்ற நிலையில் இருந்த அதை, 18.3.2022 அன்று படிக்கப்பட்ட 2022-23 பட்ஜெட்டில் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றுவதாக அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் அறிவித்தார். 698 கோடி ரூபாய் ஒதுக்கீடு. மாணவிகளுக்குப் பணம் தரும் பணி தொடங்கியது 5.9.2022 அன்று. ஐந்தரை மாதம். (விதவைத் தாயின் மகள், ஆதரவற்ற பெண், கைம்பெண் மறுமணம், கலப்புத் திருமணம் ஆகியவற்றுக்கான மற்ற நான்கு திருமண உதவித் திட்டங்களும் தொடரும் என்று அதே உரையில் சொல்லப்பட்டது. எல்லாம் நின்றுபோனதாக எண்ணி விண்ணப்பிக்காமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.)

உதவி பெறும் பள்ளி மாணவிகளுக்கு விரிவாக்கம் என்ற அறிவிப்பு 19.2.2024 அன்று தங்கம் தென்னரசு படித்த பட்ஜெட்டில் வந்தது. தூத்துக்குடியில் விரிவாக்கம் தொடங்கி வைக்கப்பட்டது 30.12.2024 அன்று. பத்து மாதம். அதே உரையில் வந்த தமிழ்ப் புதல்வன், மாணவர்களுக்கான திட்டம், ஆகஸ்ட் 9ஆம் தேதியே கோவையில் தொடங்கிவிட்டது. ஒரே நாளில் ஒரே உரையில் வந்த இரண்டு அறிவிப்புகளுக்கு இவ்வளவு வேறுபாடு. பிப்ரவரியில் செய்தியைப் படித்த ஒரு தாய் மார்ச்சில் பள்ளிக்குப் போய்க் கேட்டால் "எங்களுக்கு எதுவும் வரவில்லை" என்று தலைமையாசிரியர் சொல்வது பொய் அல்ல. அவருக்கு உண்மையிலேயே எதுவும் வந்திருக்காது.

எல்லா அறிவிப்பும் பட்ஜெட்டில்தான் வரும் என்பதும் இல்லை. காலை உணவுத் திட்டம் 7.5.2022 அன்று பேரவையில் முதலமைச்சர் 110ஆவது விதியின்கீழ் படித்த அறிக்கையில் வந்தது. செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கும் பணம் அதன் பிறகு 2023-24 பட்ஜெட்டில்தான் வந்தது. ஆகவே "பட்ஜெட்டில் வந்ததா?" என்று கேட்பதை விட்டுவிட்டு "அரசாணை எண் என்ன, தேதி என்ன?" என்று கேட்கப் பழகுங்கள். எதிரே இருப்பவர் பேசும் தொனியே மாறுவதைப் பார்ப்பீர்கள்.

இனி உங்கள் மகள். அவளுக்குத் தகுதி உண்டு. கல்லூரி அலுவலகத்தில் சொன்னது விதியின் முதல் பாதி. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது பொது நிபந்தனை. அதையடுத்து வரும் பகுதியை அவர்கள் பார்க்கவில்லை: கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் தகுதியுடையவர்களே. உங்கள் மகளின் கதையைக் கேட்டு எழுதியது போல இருக்கிறது அந்த வாசகம். அதற்குக் காரணம் உண்டு. கட்டாயக் கல்விச் சட்டம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. ஒன்பதில் கட்டணம் கட்ட முடியாத குழந்தை அரசுப் பள்ளிக்கு வருகிறது. அவளை "தனியார் பள்ளி மாணவி" என்று ஒதுக்கினால், சட்டம் ஒரு கையால் கொடுத்ததை அரசு மறு கையால் பறித்தது போல் ஆகிவிடும்.

இதே வாசகத்துக்கு இன்னும் வலுவான ஒரு துணை இருக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு தரும் 2020ஆம் ஆண்டுச் சட்டமும் இதே மாணவர்களைத் தன் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. அந்தச் சட்டம் பிறந்த விதம் நமக்குப் பாடம். செப்டம்பர் 15 அன்று பேரவை நிறைவேற்றியது. ஆளுநரின் ஒப்புதல் வரவில்லை. கலந்தாய்வு நெருங்கியது. அக்டோபர் 29 அன்று அரசு தன் நிர்வாக அதிகாரத்தைக்கொண்டு அதையே அரசாணையாக வெளியிட்டது. மறுநாள் ஒப்புதல் வந்தது. அரசாணை அவசரத்துக்குக் கைகொடுத்தது. ஆனால் இன்றைக்கும் அந்த இடங்களைத் தாங்கி நிற்பது சட்டம். சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் அதைச் செல்லும் என்றது. புதுமைப் பெண்ணுக்கு அப்படிப்பட்ட சட்டம் இல்லை. அது ஒரு திட்டம். இன்னோர் அரசாணையால் அதைத் திருத்த முடியும், நிறுத்தவும் முடியும். ஏழைப் பெண்ணின் மூன்றாண்டுப் படிப்பு இதை நம்பித் தொடங்குகிறது என்றால், அதற்கும் ஒரு சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சட்டமே இருந்தாலும் பணம் நின்றால் என்ன ஆகும் என்பதையும் 2025இல் பார்த்தோம். ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு தரவில்லை என்று மாநில அரசு பட்ஜெட் உரையிலேயே சொன்னது. அந்தப் பணம் வராத நிலையில், அந்த ஆண்டு கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ் சேர்க்கை உரிய காலத்தில் தொடங்கவே இல்லை. உங்கள் மகள் 2013இல் நுழைந்த அதே கதவு. ஒன்றிய அரசிடமிருந்து பணம் வரவில்லை என்பதைக் காரணம் காட்டி மாநில அரசு தன் பொறுப்பிலிருந்து விலக முடியாது என்று உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு அரசுகளின் வழக்குக்கு நடுவில் ஒரு குழந்தையின் ஒன்றாம் வகுப்பு மாதக்கணக்கில் தள்ளிப்போவதை நான் எந்தக் கட்சியின் கண் கொண்டும் பார்க்க மாட்டேன். அது அநீதி.

மகளுக்காக நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். புதுமைப் பெண் விண்ணப்பத்தைக் கல்லூரியில் அதற்கென உள்ள பொறுப்பு அலுவலர்தான் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அவர் மாணவியின் எமிஸ் எண்ணை, அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவேட்டில் அவளுக்குள்ள எண்ணைக்கொண்டு அவள் எங்கே படித்தாள் என்று சரிபார்ப்பார். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்: ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்கு நேரே தனியார் பள்ளியின் பெயர் வரும், 25 சதவீத இடத்தில் சேர்ந்தவள் என்ற குறிப்பு விடுபட்டிருக்கலாம். ஆகவே முதலில் அந்த மெட்ரிக் பள்ளிக்குப் போய், "2013-14இல் கட்டாயக் கல்விச் சட்டம் 12(1)(சி) பிரிவின்கீழ் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப்பட்டு எட்டாம் வகுப்பு வரை கட்டணமின்றிப் படித்தார்" என்று தலைமையாசிரியரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள சான்று வாங்குங்கள். முடிந்தால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மேலொப்பமும் பெறுங்கள். பள்ளி இழுத்தடித்தால் 14417 என்ற பள்ளிக் கல்வி உதவி எண்ணில் புகார் பதிவு செய்து, அந்தப் பதிவு எண்ணோடு மறுபடியும் போங்கள். மகளின் வங்கிக் கணக்கு அவள் பெயரிலேயே இருக்க வேண்டும். ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும்.

பிறகு கல்லூரிக்கு எழுத்தில் கொடுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டால் வாய்ச்சொல்லாகவே மறுப்பார்கள். கல்லூரி முதல்வருக்கு ஒரு பக்க விண்ணப்பம், சான்றின் நகல், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படித்த அரசுப் பள்ளியின் சான்று. உங்களிடம் உள்ள நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும். "தகுதி இல்லை என்றால் எந்த அரசாணையின் எந்தப் பத்தியின்படி என்று தெரிவிக்க வேண்டுகிறேன்" என்ற ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். அரசாணையைப் படிக்கத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். மேலே துறையின் பெயர், எண், தேதி. அடுத்து "பார்வை" என்று சில வரிகள். எந்த அறிவிப்பிலிருந்து இது பிறந்தது என்பது அங்கே இருக்கும். "ஆணை" என்ற சொல்லுக்குக் கீழே தகுதிகள் வரும். இணைப்பாக வழிகாட்டு நெறிமுறைகள் இருந்தால் அதையும் விடாதீர்கள். உங்கள் மகளைப் போன்றவர்களுக்கான விலக்குகள் பெரும்பாலும் அந்த இணைப்பில்தான் ஒளிந்திருக்கும். இவை தமிழக அரசின் இணையதளத்தில் துறைவாரியாகக் கிடைக்கின்றன. சமூக நலத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பும் அங்கே உண்டு. ஆண்டுதோறும் மானியக் கோரிக்கையின்போது பேரவையில் வைக்கப்படுவது அது, நல்ல தமிழில் இருக்கும். கிடைக்கவில்லை என்றால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுதுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் புதுமைப் பெண் தொகை தடைபடாது. இதற்கு வருமான வரம்பும் கிடையாது. இந்த இரண்டையும் காரணம் காட்டி யாராவது மறுத்தால் தயங்காமல் மறுத்துப் பேசுங்கள்.

உங்கள் தங்கை மகளுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. 2024 அறிவிப்பு அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்கு. செய்தித் தலைப்பில் "உதவி பெறும் பள்ளி" நின்றது, "தமிழ் வழி" உள்ளே போய்விட்டது. இப்போது தமிழ் வழிக்கு மாறினாலும் பயன் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு. இதற்காக அவள் படிப்பைக் குலைக்காதீர்கள். தொழிற்படிப்பில் சேர்ந்தால், குடும்பத்தில் முதல் பட்டதாரியாக இருக்கும் பட்சத்தில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அந்தச் சான்றுக்கு இப்போதே வழி பாருங்கள்.

இந்த நிபந்தனை எனக்கு ஒப்பவில்லை. அரசுப் பள்ளியில் ஆங்கில வழியில் படித்தவளுக்குப் பணம் உண்டு. தெருவுக்கு எதிர்ப்புறம் உள்ள உதவி பெறும் பள்ளியில் ஆங்கில வழியில் படித்தவளுக்கு இல்லை. உதவி பெறும் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுக்குப் பெற்றோர் கட்டணம் கட்டுகிறார்கள், ஆகவே வசதி உள்ளவர்கள் என்பது அதன் பின்னால் உள்ள எண்ணமாக இருக்கலாம். ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயைப் பல தவணையில் கட்டும் தையற்காரரும் கொத்தனாரும் அந்த எண்ணத்துக்குள் வரவில்லை. இதை மாற்ற உயர் நீதிமன்றத்துக்குப் போகும்படி நான் சொல்ல மாட்டேன். எந்தப் பிரிவுக்கு உதவி தருவது என்பது அரசின் கொள்கை முடிவு என்று நீதிமன்றங்கள் பெரும்பாலும் விலகிக்கொள்ளும். மாற்றக்கூடிய இடம் பேரவைதான். தமிழ் வழி மாணவிகளுக்கான விரிவாக்கமே முதல் ஆண்டில் இல்லாமல் பின்னர் சேர்க்கப்பட்டதுதானே.

மனுவை பட்ஜெட் படித்த பிறகு கொடுப்பதில் பயன் குறைவு. துறைகள் தங்கள் மதிப்பீடுகளை அதற்குப் பல மாதம் முன்னதாகவே எழுதத் தொடங்கிவிடும். ஆகவே அக்டோபர், நவம்பரில் சமூக நலத் துறைச் செயலாளருக்கு ஒரு மனு, உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு அதன் நகல். மானியக் கோரிக்கை விவாதத்தில் அவர் எழுப்புவதற்கு ஏற்றபடி ஒரே பக்கத்தில், ஒரே கோரிக்கையோடு இருக்கட்டும். அந்தப் பள்ளியில் அதே பிரிவில் எத்தனை மாணவிகள் படிக்கிறார்கள், பெற்றோர் என்ன வேலை செய்கிறார்கள், ஆண்டுக்கு எவ்வளவு கட்டணம் கட்டுகிறார்கள் என்பதை ரசீதுகளின் நகலோடு இணைத்து, அத்தனை பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.